காப்பகங்களும் சர்க்கார் பரிசோதனையும்

புதுச்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வயது முதிர்ந்தோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் இன்று ஒன்றிரண்டல்ல. கன்னியர் மடங்கள் நடத்துபவை சில. தர்ம ஸ்தாபனங்கள் நடத்துபவை சில. மாதப் பணம் பெற்றுக்கொண்டு வியாபார முறையில் நடப்பவை வேறு சில. இவை ஏன் வேண்டியிருக்கின்றன என்பதை இவ்வூராருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிரெஞ்சுப் பிரஜா உரிமையுள்ள குடும்பங்களில் பிள்ளைகள் பாரிஸ் சென்றுவிட்டனர். மற்றக் குடும்பங்களில் சென்னைக்கோ, பெங்களூருக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ சென்றுவிட்டனர். பழைய சொல்தா ஒருவருக்குப் பிரெஞ்சு சர்க்காரின் பென்ஷன் மாதந்தவறாமல் வருகிறது. இரவில் தாகமெடுத்தால் தண்ணீர் மொண்டு கொடுக்கத்தான் ஆளில்லை. இந்நிலையில் ஓர் இல்லத்தை நாடுவது பாவமுமன்று, பிள்ளைகள் செய்யும் துரோகமுமன்று. முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டவுடன் காலம் கெட்டுவிட்டதென்று பெருமூச்சு விடும் பிரசங்கிகளோடு நாம் சேர்வதற்கில்லை. பெருமூச்சினால் ஒரு கிழவியின் படுக்கைப் புண் ஆறிவிடாது. நாம் கேட்பது வேறு. அந்த இல்லத்தின் வாயிற்கதவு சாத்தப்பட்ட பின்னர் உள்ளே நடப்பதைப் பார்ப்பவர் யார்? பார்த்தே தீரவேண்டுமென்று எந்தச் சட்டம் யாரைக் கட்டாயப்படுத்துகிறது?

ஹோட்டல் சமையலறையைப் பார்வையிட உத்தியோகஸ்தர் உண்டு. கடைக்காரரின் தராசையும் எடைக் கல்லையும் சோதிக்க உத்தியோகஸ்தர் உண்டு. வாடகை மோட்டார் வண்டி தகுதிச் சான்று இல்லாமல் தெருவில் ஓடக்கூடாது. இவற்றிலெல்லாம் ஏமாற்றப்படுகிறவன் வாய்திறந்து கூவக்கூடியவன்; எழுந்து அடுத்த கடைக்குப் போகக்கூடியவன். காப்பகத்தில் கிடப்பவரோ அவ்விரண்டும் செய்ய மாட்டாதவர். சிசு, சித்தம் கலங்கியவர், படுத்த படுக்கையான முதியவர் ஆகிய இம்மூவரும் தம்மைப் பராமரிப்பவரைப் பற்றி முறையிட வேண்டுமானால், பராமரிப்பவரிடமே முறையிட வேண்டியவராயிருக்கிறார்கள். ஆகையால் மற்ற எல்லாத் தொழில்களிலும் பார்க்க இத்தொழிலில்தான் வெளியாரின் பரிசோதனை அதிகமாக வேண்டும். நம் தேசத்தில் நிலைமை இதற்கு நேர்மாறாக நெடுங்காலம் இருந்தது. முதியோர் விஷயத்தில் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஏர்வாடியை நம் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராமநாதபுரம் ஜில்லாவில் தர்காவினால் புகழ்பெற்ற அவ்வூருக்கு, சித்தம் கலங்கியவர்கள் இறையருளால் குணமடைவார்கள் என்று நம்பி, உறவினர் நெடுந்தொலைவிலிருந்து அவர்களை அழைத்து வருவது வழக்கம். தர்காவுக்குச் சமீபத்தில் கொட்டகைகள் முளைத்தன. உறவினர் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பினர். நோயாளிகள் சங்கிலியோடு அங்கேயே தங்கினர். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில் அத்தகைய கொட்டகையொன்றில் தீப்பற்றியது. சங்கிலியை அவிழ்ப்பார் இல்லை. 25 பேர் கட்டப்பட்ட இடத்திலேயே வெந்து மாண்டனர். காயமுற்றுப் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் 28 பேர்.

அப்பொழுது சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் 1993 முதல் அமலிலிருந்தது. லைசென்ஸ் பெறாமல் மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கலாகாதென்று அது தெளிவாகக் கூறிற்று. தீப்பற்றிய கொட்டகைக்கு லைசென்ஸ் கிடையாது. வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரிந்த சங்கிலி எட்டு வருஷ காலம் சர்க்கார் கண்ணுக்கு மட்டும் தெரியாமற்போயிற்றா? அல்லது தெரிந்தும், அது தன் வேலையன்று என்று ஒவ்வொரு இலாகாவும் அடுத்த இலாகாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததா? பின்னதே உண்மைக்கு அணித்தானதென்று நாம் எண்ணுகிறோம். சுகாதார இலாகாவுக்கு அது வழிபாட்டு ஸ்தலத்தின் விஷயம். ரெவின்யூ இலாகாவுக்கு அது வைத்திய விஷயம். போலீஸாரோ குற்றம் நடந்த பிறகு வருகிறவர்கள்.

சுப்ரீம் கோர்ட்டு செய்தியறிந்து தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. எல்லா ராஜ்யங்களும் பதிவு பெற்றதும் பெறாததுமான மனநோய்க் காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டுமென்று 2002 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பிறகு 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, 2018 மே மாதத்தில் அமலாயிற்று. எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாதென்று அதன் 95-ஆவது பிரிவு தடுக்கிறது. பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு ஸ்தாபனத்தையும் மூன்று வருஷத்துக்கொரு முறை தணிக்கை செய்ய வேண்டுமென்று 67-ஆவது பிரிவு விதிக்கிறது. 28 உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கிய சட்டம் இது. நல்ல சட்டமென்றே நாமும் சொல்வோம்.

ஆனால் நடந்தது என்ன? ஏர்வாடி நிகழ்ந்து 21 வருஷங்களுக்குப் பின், 2023 பிப்ரவரியில், விழுப்புரம் ஜில்லா விக்கிரவாண்டிக்கு அருகே குண்டலப்புலியூரில் ‘அன்பு ஜோதி ஆசிரமம்’ என்ற காப்பகத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். புதுச்சேரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் உச்சிவேளைக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர் அது. மனநலம் குன்றியோரும், ஆதரவற்றோரும், முதியோருமாக நூற்றுநாற்பதுக்கு மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். உரிய லைசென்ஸ் இல்லாமல் அது பல வருஷமாக நடந்து வந்ததென்று தெரிந்தது. அடித்தல், பெண்களைப் பலாத்காரம் செய்தல் முதலிய கொடிய குற்றச்சாட்டுகள் எழுந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குற்றச்சாட்டுகளின் உண்மையைத் தீர்மானிப்பது கோர்ட்டாரின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. நாம் கவனிக்க வேண்டுவது, அதிகாரிகள் அங்கே போக நேர்ந்த விதமேயாகும்.

அவர்கள் பரிசோதனைக்காகப் போகவில்லை. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணச் சென்ற உறவினர், அவர் அங்கில்லை என்றறிந்து விசாரித்தார். பெங்களூரிலுள்ள வேறோர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் கிடைத்தது. பெங்களூரிலும் அவரைக் காணோம். உறவினர் தரப்பில் சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடப்பட்டது. அம்மனுவின் பலனாகவே கதவு திறந்தது. அந்த உறவினர் இல்லாமலிருந்தால், அல்லது இருந்தும் ஹைகோர்ட்டுக்குப் போகும் துணிவும் பொருளும் இல்லாதவராயிருந்தால், கதவு எப்போது திறந்திருக்கும்? அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் தேடிவருவாரற்றவர்கள் என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சர்க்காருக்குரிய பரிசோதனையை உறவினர் பாசம் செய்தது. பாசமில்லாதவர்க்கும் உறவில்லாதவர்க்கும் பரிசோதனையே இல்லை என்பதுதான் இதன் பொருள்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்குக் காரணமாயிற்று. மகாபலிபுரத்து அநாதை விடுதிகளில் நடந்த அக்கிரமங்களைப் பற்றிப் பத்திரிகையொன்றில் வெளியான கட்டுரை 2007-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், பத்து வருஷம் கழித்து, 2017 மே 5-ஆம் தேதி, தேசத்திலுள்ள குழந்தைக் காப்பகங்கள் யாவும் அவ்வருஷ முடிவுக்குள் பதிவு பெறவேண்டும் என்ற தீர்ப்பாக வெளிவந்தது. இதற்கிடையே 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் வந்தது. அதன் 54-ஆவது பிரிவு ஒரு பரிசோதனைக் கமிட்டியை ஏற்படுத்துகிறது. மூன்று மாதத்துக்கொரு தரமாவது ஒவ்வொரு விடுதிக்கும் போகவேண்டும். மூவருக்குக் குறையாமல் போகவேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவர் வைத்தியராகவும் இருக்கவேண்டும். ஒரு வாரத்துக்குள் அறிக்கை கொடுக்கவேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் எழுத முடியுமென்று நமக்குத் தோன்றவில்லை.

இருந்தும் பீகார் ராஜ்யத்து முஸாபர்பூரில் என்ன நடந்தது? சர்க்கார் பணத்தில் நடந்த பெண் குழந்தைகள் விடுதி அது. உத்தியோகஸ்தர்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பம்பாய் டாட்டா சமூக விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சிறு குழு ஒன்று, ராஜ்யம் முழுவதிலுமுள்ள 110 விடுதிகளைச் சுற்றிப் பார்த்து 2018-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. முஸாபர்பூர் விடுதியில் சிறுமிகள் சீரழிக்கப்படுவதை அந்த அறிக்கைதான் வெளிப்படுத்திற்று. 2020 ஜனவரியில் தில்லிக் கோர்ட்டு 19 பேரைக் குற்றவாளிகளென்று தீர்மானித்தது. அந்தப் பத்தொன்பதின்மரில் குழந்தைகள் நலக் கமிட்டியைச் சேர்ந்தவர்களும், ஜில்லாவின் குழந்தைப் பாதுகாப்பு உத்தியோகஸ்தரும் இருந்தார்கள் என்பதை வாசிக்கும்போது நம் நெஞ்சு துணுக்குறுகிறது. வேலியாக நிறுத்தப்பட்டவர்களே பயிரில் வாய் வைத்தார்கள்.

டாட்டா கல்லூரிக் குழு புதிதாய் எந்த யந்திரத்தையும் கொண்டுபோகவில்லை. அவர்கள் உட்கார்ந்து குழந்தைகளோடு பேசினார்கள், அவ்வளவே. உத்தியோகஸ்தர் வந்தால் மானேஜரின் அறையில் உட்காருவார், ரிஜிஸ்தரைப் புரட்டுவார், காபி சாப்பிடுவார், வரிசையாய் நிறுத்திய பிள்ளைகளைப் பார்த்து ‘சாப்பாடெல்லாம் நன்றாயிருக்கிறதா?’ என்று மானேஜரின் முன்னிலையில் கேட்பார். நன்றாயிருக்கிறதென்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லுவார்கள். இப்படிப்பட்ட வைபவத்துக்குப் பரிசோதனை என்று பெயரிடுவது தமிழுக்கே அவமானம்.

நிற்க. குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கொரு பரிசோதனை, மனநோயாளிகளுக்கு மூன்று வருஷத்துக்கொரு தணிக்கை, முதியோருக்கு என்ன? 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். பெற்ற பிள்ளையிடமிருந்து ஜீவனாம்சம் பெறுவதற்கு அதில் விரிவான வழி உண்டு. இல்லங்களைப் பற்றியோவெனில் 19-ஆவது பிரிவு ஒன்றே. ஜில்லாவுக்கு ஒன்றாகத் தொடங்கி, வறியவர் 150 பேருக்காவது இடமுள்ள இல்லங்களை ராஜ்ய சர்க்கார் ‘ஏற்படுத்தலாம்’ என்கிறது. ஏற்படுத்த வேண்டும் என்று கூறவில்லை, ஏற்படுத்தலாம். தனியார் பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் இல்லம் பதிவு பெறவேண்டுமென்றோ, அதை இத்தனை மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டுமென்றோ அச்சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. சில ராஜ்யங்கள் தத்தம் விதிகளாலும் உத்தரவுகளாலும் இந்த ஓட்டையை அடைக்க முயன்றதுண்டு. ஆனால் தேசம் முழுவதற்கும் பொதுவான கட்டாயம் ஏற்படவில்லை.

ஏற்படும்போல ஒருமுறை தோன்றிற்று. 2019 டிசம்பரில் லோக்சபையில் ஒரு திருத்த மசோதா கொண்டுவரப்பட்டது. முதியோர் பராமரிப்பு இல்லங்கள் யாவும் பதிவு பெறவேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. மசோதா நிலைக் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டி 2021 ஜனவரியில் அறிக்கையும் தந்தது. பிறகு அது மேஜையிலேயே கிடந்தது. 2024-இல் லோக்சபை கலைந்தபோது மசோதாவும் அதனோடு காலாவதியாயிற்று. எந்தக் கட்சியும் அதை எதிர்த்துப் போராடவில்லை. எந்தக் கட்சியும் அதற்காகப் போராடவுமில்லை. பகைவரால் மாண்ட மசோதாக்களுக்காவது ஒரு சரித்திரமுண்டு. இது கவனிப்பாரற்று மாண்டது, தான் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பலரைப் போலவே.

பணம் அதிகம் கொடுத்தால் நல்ல இல்லம் கிடைக்கும், பரிசோதனை ஏழைகளின் இல்லங்களுக்குத்தான் வேண்டும் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் நம் ஊருக்கு நெருங்கிய தொடர்புடைய பிரான்ஸ் தேசத்தைப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் விக்தோர் கஸ்தானே என்ற பத்திரிகையாளர், ஓர்பேயா என்னும் பெரிய கம்பெனி நடத்திய முதியோர் இல்லங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாரிஸை அடுத்த நெய்யியில் மாதம் 6,500 ஈரோவுக்கு மேல் கட்டணம் வாங்கிய இல்லத்தில், ஆளுக்கு இத்தனை டயாப்பர், இத்தனை உணவு என்று அளந்து கொடுத்து லாபம் பார்க்கப்பட்டது என்று அவர் எழுதினார். பரிசோதகர்கள் வரும் தேதி முன்னதாகவே தெரிந்துவிடுவதைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். கம்பெனியின் பங்குகள் விழுந்தன. சர்க்கார் விசாரணை நடந்தது. அவ்வருஷம் மார்ச்சில், தேசத்திலுள்ள சுமார் 7,500 முதியோர் இல்லங்களையும் இரண்டு வருஷத்துக்குள் பரிசோதிப்பதாகப் பிரெஞ்சு சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது.

இங்கிலாந்திலோ இதற்கென்றே ஒரு கமிஷன் 2009 முதல் வேலை செய்து வருகிறது. அதன் கண்காணிப்பில் இருந்த, பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் ஆஸ்பத்திரியில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களைச் சிப்பந்திகள் அடித்து வதைத்தார்கள். அங்கு வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் கமிஷனுக்குப் புகார் அனுப்பியும் பலனில்லை. 2011 மே மாதத்தில் பி.பி.சி. நிருபர் வேலைக்காரராக உள்ளே நுழைந்து படம் பிடித்துக் காட்டிய பிறகே கமிஷன் விழித்துக்கொண்டது. 11 பேர் தண்டனை அடைந்தார்கள். ஆகவே கமிஷன் வைத்துவிட்டால் காரியம் முடிந்ததென்று நம்மவர் எண்ணிவிடலாகாது.

அமெரிக்கர் செய்த ஒரு காரியம் நமக்குப் பிடித்திருக்கிறது. 1987-ஆம் வருஷத்து அவர்கள் சட்டப்படி, சர்க்கார் பணம் பெறும் பராமரிப்பு இல்லங்களுக்கு 15 மாதத்துக்குள் ஒரு முறையாவது முன்னறிவிப்பின்றிப் பரிசோதகர் போகவேண்டும். பரிசோதனைத் தேதியை இல்லத்தாருக்கு முன்கூட்டித் தெரிவிப்பவர் எவராயினும், அவருக்கு 2,000 டாலர் வரை அபராதம் என்றும் அச்சட்டம் விதித்தது. நம் ஆபீஸ்களின் பழக்க வழக்கங்களை அறிந்தவர்களுக்கு இப்பிரிவின் அருமை விளங்கும்.

இனி, பரிசோதனை என்றால் எதைப் பார்ப்பது? முதலாவது தீ. தேசியக் கட்டட விதித் தொகுப்பு முதியோர் இல்லத்தையும் அநாதை விடுதியையும் சாதாரண வீடாகக் கருதவில்லை. ஆஸ்பத்திரியும் சிறைச்சாலையும் அடங்கிய வகுப்பிலேயே அவற்றை வைத்திருக்கிறது. காரணம், அங்குள்ளவர் தாமாக எழுந்தோட மாட்டாதவர். வாடகைக்குப் பிடித்த பழைய மாடி வீட்டில், ஒரே படிக்கட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி, இரவில் பின்வாசலுக்குப் பூட்டு என்றிருந்தால், சுவரில் சிவப்புத் தீயணைப்புக் குப்பி தொங்கி என்ன பயன்? 2023-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று தில்லி கிரேட்டர் கைலாஷில் வசதியுள்ளோர் தங்கிய முதியோர் இல்லமொன்றில் தீப்பிடித்து மூதாட்டிகள் இருவர் இறந்தார்கள். ஆகவே பரிசோதகர் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: இரவு இரண்டு மணிக்குப் புகை சூழ்ந்தால், நடக்கமாட்டாத இத்தனை பேரையும் வெளியே தூக்கி வர எத்தனை ஆட்கள் இங்கே விழித்திருப்பார்கள்? அதற்கு விடை ரிஜிஸ்தரில் கிடைக்காது. இரவு இரண்டு மணிக்கே போய்ப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது உடம்பு. நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கும் முதியவரைப் பார்த்தால் போதாது. படுக்கையிலிருப்பவரின் முதுகையும் குதிகாலையும் நர்ஸ் ஒருவர் பார்க்கவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கப்படாதவரின் உடம்பே அதற்குச் சாட்சி சொல்லும். பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தால், மருந்து அலமாரியைத் திறந்து தூக்க மருந்து எவ்வளவு வாங்கப்பட்டது, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று கேட்கவேண்டும். மூன்றாவது இறப்பு. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி விடுதியில் நேரும் மரணத்தை அதன் பொறுப்பாளரே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். எந்த இல்லத்திலிருந்து வருஷத்துக்கு எத்தனை மரணம் பதிவாகிறதென்பது நகராட்சி ஆபீஸிலேயே தெரியக்கூடிய விஷயம். அந்தப் புத்தகத்தை இக்கண்ணோடு ஒருவர் வாசிக்க வேண்டுமென்பதே நம் கோரிக்கை. நான்காவதாகப் பணம். பென்ஷன் புத்தகமும் பாங்க் அட்டையும் யார் கையில் இருக்கின்றன? உயிலில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, நிர்வாகிகள் காதுக்கெட்டாத இடத்தில், அங்குள்ளவரோடு தனியாகப் பேசவேண்டும். பேசமாட்டாதவரின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருக்கவாவது வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நல்ல முறையில் இல்லம் நடத்துவோரின் மனத்தில் எழும் ஆட்சேபத்தை நாம் அறிவோம். “லைசென்ஸ் என்று வந்தால் மாமூல் என்று வரும், சேவை செய்யும் நாங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைவோம், அக்கிரமம் செய்கிறவன் பணத்தை வீசிவிட்டுச் சான்று வாங்கிக்கொள்வான்” என்பார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. ஒற்றை உத்தியோகஸ்தர் தனியே போய், அறிக்கையை மூடிய உறையில் மேலதிகாரிக்கு அனுப்பும் முறை இருக்கும் வரையில் இது நடந்தே தீரும். மூவர் சேர்ந்து போனால், அவர்களில் ஒருவர் சர்க்கார் சம்பளம் பெறாதவராயிருந்தால், அறிக்கை தமிழில் அச்சாகி இல்லத்தின் வாயிலிலேயே ஒட்டப்பட்டால், மாமூலின் விலை மிகவும் ஏறிவிடும். நல்ல இல்லத்தாருக்கு அந்தக் காகிதமே சிறந்த விளம்பரம்.

இதைவிடப் பெரிய இடையூறு ஒன்றுண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பரிசோதகர் ஓர் இல்லத்தில் குறை காண்கிறார். அவர் கையிலுள்ள ஆயுதமெல்லாம் இழுத்து மூடும் உத்தரவு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அறுபது முதியவர் இருக்கிறார்கள். இன்று மூடினால் இன்றிரவு அவர்கள் எங்கே படுப்பார்கள்? ஏர்வாடிக்குப் பிறகு கொட்டகைகளிலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டி வந்தது. குண்டலப்புலியூரிலிருந்து மீட்கப்பட்டவர்களை முண்டியம்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டி வந்தது. மாற்றிடம் இல்லாத உத்தியோகஸ்தர் மூட மாட்டார். மூடமுடியாதவர் குறையைக் காணாதவர்போல் இருந்துவிடுவார். சில காலத்தில் உண்மையாகவே காணாதவராகிவிடுவார். பரிசோதகர்களின் கண் மங்குவதற்கு லஞ்சம் ஒரு காரணமென்றால், இந்தத் தர்மசங்கடம் மற்றொரு காரணம். ஆகவே, திருத்திக்கொள்ளத் தவணை, அபராதம், புதிதாக ஆள் சேர்க்கத் தடை, நிர்வாகத்தைத் தற்காலிகமாய் வேறொருவரிடம் ஒப்படைத்தல் என்று படிப்படியான அதிகாரங்கள் வேண்டும். 19-ஆவது பிரிவு சொல்லும் சர்க்கார் இல்லம் உண்மையாகவே இருந்து, அதில் எப்போதும் சில படுக்கைகள் காலியாக வைக்கப்படவும் வேண்டும். தன்னிடம் ஒரு படுக்கையும் இல்லாத சர்க்கார் பிறரை மிரட்டுவதில் பொருளில்லை.

புதுச்சேரி இதைச் செய்வதற்கு தில்லியின் அடுத்த மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1963-ஆம் வருஷத்து யூனியன் பிரதேசங்கள் சட்டத்தின் கீழ் நம் சட்டசபைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் உண்டு. கோப்பில் யார் கையெழுத்திடுவது என்று மந்திரி சபையும் ராஜ் நிவாஸும் வாதிட்ட காலங்களை இவ்வூர் கண்டிருக்கிறது. படுக்கையிலிருக்கும் முதியவருக்கு அந்த வாதத்தில் சிரத்தை இராது. முதற்காரியம் கணக்கு. எந்தத் தெருவில், எந்த வீட்டில், உறவினரல்லாத முதியோர் எத்தனை பேர் பணத்துக்கோ தர்மத்துக்கோ வைத்துப் பராமரிக்கப்படுகிறார்கள் என்பதைப் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும், அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகளும் தம் வரி வசூல்காரரைக் கொண்டே அறியலாம். காலாப்பட்டில் சர்வகலாசாலையின் சமூக சேவைத் துறை இருக்கிறது. சட்டக் கல்லூரி இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. டாட்டா கல்லூரிக் குழு பீகாரில் செய்ததை இங்கே செய்ய ஆளில்லையென்று எவரும் சொல்ல முடியாது.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரிப் பிரதேசம் ஒரே பரப்பாய் இல்லாமல், விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களுக்கிடையே துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடக்கிறது. சாலையின் ஒரு பக்கம் நம்முடையது, மறுபக்கம் தமிழ்நாடு என்ற இடங்கள் பல. சாராயக் கடை விஷயத்தில் இந்த எல்லையின் சௌகரியத்தை எல்லாரும் அறிவார்கள். இங்கே கண்டிப்பு வந்தால் சாலையைத் தாண்டிப் பலகை மாட்டிக்கொள்வதும், அங்கே கண்டிப்பு வந்தால் இங்கே வருவதும் இல்லங்களுக்கும் எளிது. குண்டலப்புலியூரில் சேர்த்தவரைப் பெங்களூரில் தேட நேர்ந்ததே, அதுபோல் ஆட்களையே எல்லை தாண்டி மாற்றிவிடுவதும் எளிது. ஆகையால் விழுப்புரம், கடலூர், புதுச்சேரி ஆகிய மூன்று கலெக்டர்களும் தத்தம் எல்லையிலுள்ள இல்லங்களின் ஜாபிதாவை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள வேண்டும். ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்கு ஆளை மாற்றினால், பெயரும் தேதியும் காரணமும் இரு ஆபீஸ்களிலும் பதிவாக வேண்டும். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய வரிப்பணமும் வேண்டாம். மூவரில் ஒருவர் முதற் கடிதத்தை எழுதினால் போதும். அக்கடிதம் புதுச்சேரிக் கலெக்டரின் ஆபீஸிலிருந்து புறப்பட வேண்டுமென்று நாம் கேட்கிறோம்.